நிற்கும் காருக்கும் வயதாகும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் மெக்லாரன் எஃப்1 காரைப் பற்றி எழுதியிருந்தேன். 1992-லிருந்து 1998 வரை, பந்தய வண்டிகளையும் சேர்த்து மொத்தமே 106 கார்கள். ஓட்டுநர் நடுவில், அவருக்கு இரு பக்கமும் சற்றுப் பின்தள்ளி ஆளுக்கொரு இருக்கை, முதுகுக்குப் பின்னால் பி.எம்.டபிள்யூ செய்து கொடுத்த 6.1 லிட்டர் வி12 எஞ்ஜின். அதற்கு வந்த கடிதங்களில் வேகத்தைப் பற்றிக் கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். மைலேஜ் என்ன, சர்வீஸ் எங்கே, ஸ்பேர் கிடைக்குமா என்று கேட்டவர்களே அதிகம். எனக்கு அதில் ரொம்ப மகிழ்ச்சி. துபாயில் அல் கூஸ் பகுதி ஒர்க்‌ஷாப்பில் இந்த மாதிரி வண்டிகளுக்கு அடியில் படுத்து வேலை பார்த்தவன் நான். அங்கே எங்கள் பேச்சும் முழுக்க இதைப் பற்றித்தான்.

ஹாஸ்டலில் ஒரு பந்தயம் கட்டியிருக்கிறோம் சார். புகாட்டி வேரான் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும்?
– பொறியியல் மாணவர், திருச்சி

அமெரிக்க அரசின் சோதனைக் கணக்குப்படி ஊருக்குள் லிட்டருக்குச் சுமார் 3.4 கி.மீ. நெடுஞ்சாலையையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் நாலே கால் கி.மீ. பந்தயத்தில் யார் ஜெயித்தீர்கள் என்று எழுதுங்கள்.

ஆனால் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது. மணிக்கு 407 கி.மீ. என்ற உச்ச வேகத்தில் ஓடினால் 100 லிட்டர் டேங்க் சுமார் 12 நிமிடத்தில் காலி. அதாவது லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர்கூட வராது. அந்த வேகத்தில் டயர் தாங்குவதும் கால் மணி நேரம்தான் என்று சொல்லியிருந்தார்கள். வேகம் இரு மடங்கானால் காற்றைக் கிழித்துப் போக வேண்டிய சக்தி எட்டு மடங்காகும். படிக்கிற பிள்ளை, இதை நீங்களே போட்டுப் பார்க்கலாம். 1001 குதிரைத் திறனை வெளியே தருகிற எஞ்ஜின், அதைவிட அதிகமான சக்தியை வெப்பமாகக் கொட்டுகிறது. அதை வெளியேற்றத்தான் அந்தக் காரில் 10 ரேடியேட்டர்கள்.

மெக்லாரன் எஃப்1 எடை குறைவு, 1,138 கிலோதான். டர்போ கிடையாது. லிட்டருக்குச் சுமார் 5 கி.மீ. கொடுக்கும்.

ஒன்று கவனியுங்கள். இந்தக் கார்களில் பெரும்பாலானவை வருஷத்துக்கு ஆயிரம் கி.மீ. ஓடினாலே அதிகம். வேரானே என்றாலும் அதற்கு 250 லிட்டர் போதும். உரிமையாளரின் செலவுக் கணக்கில் பெட்ரோல் கடைசி வரியில்தான் வரும்.

உலகத்திலேயே 106 கார் என்கிறீர்கள். ஒரு பாகம் உடைந்தால் எங்கே போவார்கள்? எந்தக் கடையில் கிடைக்கும்?
– உதிரிபாகக் கடைக்காரர், மதுரை

கடையில் கிடைக்காது. எஃப்1 பிறந்த இடமான இங்கிலாந்தின் வோக்கிங் நகரில் கம்பெனியே ஒரு தனிப் பிரிவு வைத்து இந்தக் கார்களைப் பராமரிக்கிறது. கையிருப்பில் இல்லாத பாகத்தைச் செய்துதான் தர வேண்டும்.

நீங்கள் உதிரிபாகத் தொழிலில் இருப்பதால் ஒரு விஷயம் சொல்கிறேன், உங்களுக்குப் பிடிக்கும். இந்தக் காரின் கம்ப்யூட்டரோடு பேச 1990-களின் காம்பாக் லேப்டாப் தேவைப்பட்டது. எல்.டி.இ. 5280 என்பது மாடல். அதில் சொருகும் ஒரு பிரத்யேக அட்டை வழியாகத்தான் காரின் மென்பொருளைத் தொட முடியும். வேறு லேப்டாப்பில் அந்த அட்டை வேலை செய்யாது. 2016-ல் இது செய்தியானபோது, கோடிக்கணக்கான மதிப்புள்ள கார்களைக் காப்பாற்ற அந்தக் கம்பெனி பழைய லேப்டாப்புகளைத் தேடிப் பிடித்து வைத்திருந்தது. புதிய லேப்டாப்போடு பொருந்தும் கருவியைத் தயார் செய்துகொண்டிருப்பதாகவும் சொன்னார்கள். பிஸ்டனையும் கியரையும் இன்னொரு முறை கடைந்து எடுத்துவிடலாம். எலெக்ட்ரானிக்ஸ் செத்தால்தான் திண்டாட்டம். அபூர்வ கார் வாங்குகிறவர்கள் பெயின்டைப் பார்க்கிற அளவுக்கு இதைப் பார்ப்பதில்லை என்பது என் வருத்தம்.

அப்புறம் டேங்க். நம் காரில் இருப்பது தகரம் அல்லது பிளாஸ்டிக். எஃப்1-ல் பந்தயக் கார் மாதிரி 90 லிட்டர் ரப்பர் பை. ஓட்டுநருக்கும் எஞ்ஜினுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும். ரப்பருக்கு ஆயுள் உண்டு. 5 வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், மாற்ற எஞ்ஜினைக் கீழே இறக்க வேண்டும். 100 கி.மீ. ஓடியிருந்தாலும் சரி, பத்தாயிரம் ஓடியிருந்தாலும் சரி, அந்தப் பைக்கு ஒரே கெடுதான்.

டயரும் அப்படியே. எஃப்1-க்கென்றே தனியாக வடிவமைத்த டயர். பின்பக்கம் 315/45, 17 அங்குலம். 106 காருக்காக எந்த டயர் கம்பெனியும் தினமும் அச்சை ஓட்டாது.

விபத்து நடந்தால்? பேசாமலே உலகத்தைச் சிரிக்க வைத்த ஆங்கில நடிகர் ரோவன் அட்கின்சன் 1997-ல் ஒரு எஃப்1 வாங்கினார். பூட்டி வைக்கவில்லை, ஓட்டினார். 1999-ல் ஒரு தடவை இடித்தார். 2011-ல் பீட்டர்பரோ அருகே மரத்தில் மோதியபோது கார் சின்னாபின்னமானது. பழுது பார்க்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. காப்பீட்டு நிறுவனம் கொடுத்தது 9,10,000 பவுண்டு. அவர் திரும்ப எடுத்து மறுபடி ஓட்டினார். 66,000 கி.மீ. ஓடியிருந்த அந்த வண்டி 2015-ல் 80 லட்சம் பவுண்டுக்கு விற்றது. அந்த மனிதர் மீது எனக்குப் பெரிய மரியாதை.

எஃப்1 எஞ்ஜின் அறையில் தங்கத் தகடு ஒட்டியிருக்கிறார்களாமே, ஆடம்பரத்துக்கா?
– இல்லத்தரசி, கும்பகோணம்

இல்லைங்க. வெப்பக் கதிர்களைத் திருப்பி அனுப்புவதில் தங்கம் கெட்டிக்காரப் பொருள். எஞ்ஜின் சூடு கார்பன் ஃபைபர் உடலைத் தாக்காமல் இருக்கத்தான் அது. மொத்தம் 16 கிராம், இரண்டு பவுன்.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கும்போது ஓடோமீட்டரில் கி.மீ. குறைவாக இருக்கிறதா என்று மட்டும் பார் என்கிறார் என் மாமா. 390 கி.மீ. மட்டுமே ஓடிய எஃப்1 இரண்டு கோடி டாலருக்கு விற்றதாக நீங்களும் எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் மாமா சொல்வது சரிதானே?
– வங்கி ஊழியர், சேலம்

சந்தைக்கு உங்கள் மாமா சொல்வது சரி. காருக்குச் சரியில்லை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

நான் எழுதியது 2021 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் பெபிள் பீச்சில் நடந்த ஏலத்தைப் பற்றி. 242 மைல், அதாவது 390 கி.மீ. ஓடிய எஃப்1. விலை 2 கோடியே 4 லட்சத்து 65 ஆயிரம் டாலர். வாங்கியவர் கொடுத்த பணம், யாரும் தொடாத ஒரு பொருளுக்கான பணம். அதை ஓட்ட ஆரம்பித்தால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் மதிப்பு இறங்கும் என்ற பயம் வந்துவிடும். அதனால் வண்டி நிற்கும். நிற்க நிற்கக் கெடும். விலையைக் காப்பாற்றுகிற அதே காரியம்தான் எஞ்ஜினைக் கொல்கிறது. இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் மனசு கஷ்டப்பட்ட விஷயம் இதுதான்.

துபாயில் கோடை வந்தால் பணக்காரர்கள் ஐரோப்பாவுக்குப் போய்விடுவார்கள். மே மாசம் நிறுத்திய காரை செப்டம்பரில்தான் தொடுவார்கள். சிலர் அடுத்த செப்டம்பரில். அப்படி ஒரு இத்தாலிய கார் எங்களிடம் வந்தது. ஓடோமீட்டரில் ஆயிரத்துச் சொச்சம் கி.மீ. வெளியே பார்த்தால் ஷோரூமில் நிற்பது போல இருக்கும். பெட்ரோல் மூடியைத் திறந்ததுமே வார்னிஷ் வாடை. ஃபில்டரைக் கழற்றிக் கவிழ்த்தால் மஞ்சள் துகள் மாதிரி உள்ளங்கையில் கொட்டியது. பந்தய பாணி டேங்குகளுக்குள் பெட்ரோல் அலை பாயாமல் இருக்க ஸ்பாஞ்ச் வைத்திருப்பார்கள். அது நைந்து பொடியாகி வந்துகொண்டிருந்தது. அதற்குள் எத்தனை இன்ஜெக்டருக்குப் போய்ச் சேர்ந்ததோ. கூலன்ட் ஹோஸைக் கட்டை விரலால் அமுக்கினால் குழையவில்லை, நொறுநொறுவென்று சத்தம் வந்தது. ஏ.சி. கம்ப்ரசர் சீல் காய்ந்து கேஸ் முழுவதும் போயிருந்தது. கம்ப்ரசர் ஓடினால்தான் அந்த சீலுக்கு எண்ணெய் போகும். நான்கு டயரும் தரையில் அழுந்திய இடத்தில் தட்டையாகி இருந்தன. அந்த வண்டிக்கு ஆன பில்லில் ஒரு புதிய குடும்பக் கார் வாங்கியிருக்கலாம். ஓடித் தேய்ந்த பாகம் என்று அதில் ஒன்றுகூட இல்லை.

டயர் விஷயத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கார் பந்தயப் படங்களால் நமக்கெல்லாம் தெரிந்த நடிகர் பால் வாக்கர் 2013 நவம்பர் 30-ல் கலிஃபோர்னியாவில் இறந்தார். நண்பர் ஓட்டிய போர்ஷே கரேரா ஜிடி காரில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். விசாரணை அறிக்கை, வேகம்தான் காரணம் என்றது. மணிக்கு 130-லிருந்து 150 கி.மீ. வரை போயிருக்கிறார்கள். அதோடு இன்னொன்றும் சொன்னது: டயர்களுக்கு ஒன்பது வயதுக்கு மேல் ஆகியிருந்தது, காரின் பிடிமானம் அதனாலும் குறைந்தது. 612 குதிரைத் திறன் உள்ள கார் அது. வயதான ரப்பர் பார்வைக்குப் புதுசாகவே இருக்கும். மேலே உள்ள பட்டன், அதாவது பள்ளம் மேடான வரிகள், தேய்ந்திருக்காது. ஆனால் இறுகிப் போயிருக்கும், சாலையைப் பிடிக்காது.

கரேரா ஜிடியிலேயே இன்னும் ஒரு உதாரணம். 2023-ல் அமெரிக்காவில் உள்ள அந்தக் கார்களின் உரிமையாளர்களிடம், சரிசெய்யும்வரை ஓட்டாதீர்கள் என்று போர்ஷே சொன்னது. சஸ்பென்ஷன் இணைப்புகளில் அரிப்பும் தேய்மானமும் வரலாம் என்பது காரணம். 2000-களின் மத்தியில் செய்த கார்கள்.

மாமாவிடம் இதைச் சொல்லுங்கள்: கி.மீ. பார்ப்பதற்கு முன் டயரின் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்று இருந்தால் 2019-ஆம் ஆண்டு 23-வது வாரம் செய்த டயர். மாருதிக்கும் அதே கணக்குதான். பிறகு சர்வீஸ் புத்தகத்தைக் கேளுங்கள். 60,000 கி.மீ. ஓடி வருஷம் தவறாமல் சர்வீஸ் ஆன வண்டியையும், ஆறு வருஷத்தில் 4,000 கி.மீ. ஓடி புத்தகம் வெள்ளையாக இருக்கிற வண்டியையும் நிறுத்தினால், நான் முதல் வண்டியில்தான் என் குடும்பத்தை ஏற்றுவேன்.

ஒரு சூப்பர் காருக்கு வருஷச் செலவு தோராயமாக என்ன ஆகும்? எங்கே அதிகம் இழுக்கும்?
– ஜவுளி வியாபாரி, ஈரோடு

ஒரே தொகை சொன்னால் தப்பாகிவிடும். மாடலுக்கு மாடல், நாட்டுக்கு நாடு மாறும். எங்கே இழுக்கும் என்று சொல்கிறேன், நீங்கள் வியாபாரி, புரிந்துகொள்வீர்கள்.

கூலி. பாகத்தின் விலையைவிட அதைத் தொடப் போகிற வழிக்குத்தான் காசு. ஃபெராரி 355-ல் டைமிங் பெல்ட் ஒரு சாதாரண ரப்பர் பட்டை. அதை மாற்ற எஞ்ஜினையே கழற்றி இறக்க வேண்டும். சில வருஷத்துக்கு ஒரு முறை, ஓடினாலும் ஓடாவிட்டாலும். பின்னால் 2004-ல் வந்த எஃப்430-ல் பெல்ட்டுக்குப் பதில் செயின் வைத்தார்கள், அந்தத் தொல்லை தீர்ந்தது. வேரானில் எஞ்ஜின் ஆயில் வடிக்கவே 16 டிரெயின் பிளக் கழற்ற வேண்டும். அதற்கு முன் அடிப்பலகைகளைப் பிரிக்க வேண்டும்.

அடுத்தது கிளட்ச். 2000-களின் பல சூப்பர் கார்களில் கிளட்ச் பெடல் கிடையாது, ஆனால் உள்ளே இருப்பது சாதாரண ஒற்றை கிளட்ச்தான். ஒரு பம்ப் அதை அமுக்கும். டிராஃபிக்கில் ஊர்ந்தால் அது அரைபட்டுக்கொண்டே இருக்கும். மாலில் சரிவு ஏறி ரிவர்ஸில் நிறுத்தப் பார்த்தால் ஒரே நாளில் பல மாத ஆயுள் போய்விடும். துபாயின் கடற்கரைச் சாலையில் வெள்ளிக்கிழமை இரவு ஊர்வலம் போகிற வண்டிகள்தான் எங்களுக்கு கிளட்ச் வேலை கொடுத்தன. நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டியவர்கள் வரவில்லை.

மூன்றாவது, கார்பன் செராமிக் பிரேக் தட்டு. சாலையில் ஓட்டினால் லேசில் தேயாது. அதற்கு எதிரி டயர் மாற்றுகிறவர்தான். வீலைக் கழற்றும்போது அது நழுவித் தட்டின் ஓரத்தில் இடித்தால் சில்லு தெறிக்கும், தட்டு குப்பைக்கு. அதற்காக நீளமான வழிகாட்டி ஆணி ஒன்று உண்டு. ஒரு போல்ட்டை எடுத்துவிட்டு அந்த ஆணியைத் திருகி, அதன் மேலேயே வீலை மெதுவாக வெளியே இழுக்க வேண்டும். திரும்ப மாட்டும்போதும் அதே. எந்த ஒர்க்‌ஷாப்பில் விட்டாலும் முதலில் அந்த ஆணி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சாவியைக் கொடுக்காதீர்கள்.

நம் ஊர் ஸ்பீடு பிரேக்கரில் இந்தக் கார்கள் ஏறுமா?
– ஆட்டோ ஓட்டுநர், வேலூர்

இப்போது வருகிற பலவற்றில் மூக்கைத் தூக்கும் வசதி இருக்கிறது. பழையவற்றைக் குறுக்காக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்ற வேண்டும். நீங்கள் மூன்று சக்கரத்தில் செய்வதைவிடக் கஷ்டம்.

ஐ.டி.ஐ. மோட்டார் மெக்கானிக் முடிக்கப் போகிறேன் அண்ணா. உங்களைப் போல சூப்பர் கார்களில் வேலை பார்க்க ஆசை. என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?
– மாணவர், விருதுநகர்

தம்பி, முதலில் வாட்ச், மோதிரம், பெல்ட் பக்கிளைக் கழற்றி வைக்கப் பழகு. ஒரு கீறலுக்கு உன் ஒரு வருஷச் சம்பளம் போதாது.

போல்ட்டைச் சொன்ன அளவுக்கு மட்டும் முடுக்க உதவும் டார்க் ரெஞ்ச்சை மதி. கை அளவில் டைட் பண்ணும் பழக்கம் மக்னீசியத்திலும் கார்பன் ஃபைபரிலும் செல்லாது. கம்பெனி மேனுவலை வரி விடாமல் படி. ஒரு உதாரணம்: இந்தக் கார்களில் பல டிரை சம்ப், ஆயில் தனி டேங்கில் இருக்கும். பல மாடல்களில் எஞ்ஜின் நன்றாகச் சூடாகி, ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அளவு பார்க்க வேண்டும். ஆறிய எஞ்ஜினில் அளவுகோலை இழுத்துப் பார்த்துவிட்டு, குறைகிறதே என்று ஊற்றிக் கெடுத்தவர்கள் உண்டு.

அதோடு உயர் மின்னழுத்தப் பாதுகாப்புப் பயிற்சி ஒன்றை எப்படியாவது முடித்துவிடு. மெக்லாரன் பி1 மொத்தம் 375 கார்கள், போர்ஷே 918 ஸ்பைடர் 918 கார்கள், ஃபெராரி லாஃபெராரி கூப்பே 500 கார்கள். மூன்றும் 2013-ஐ ஒட்டி வந்த ஹைபிரிட்கள், பெட்ரோல் எஞ்ஜினோடு மின் மோட்டாரும் உள்ளவை. அவற்றின் பேட்டரிகளுக்கும் வயதாகிறது; பி1 போன்றவற்றைச் சும்மா நிறுத்தும்போதும் சார்ஜரில் போட்டு வைக்க வேண்டும். அடுத்த இருபது வருஷத்துக்கு இந்த மூன்றையும் தொடத் தெரிந்த ஆளுக்கு வேலை இருக்கும். நீ வருவாய் என்று நம்புகிறேன்.

அப்பா ஆசையாக வாங்கிய ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார் வீட்டில் நிற்கிறது. அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. விற்க மனசில்லை. வாரம் ஒரு முறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓட விடுகிறேன். இது போதுமா?
– வாசகி, கோவை

அம்மா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் இந்த ஐந்து நிமிட ஸ்டார்ட்டை இன்றோடு நிறுத்துங்கள். பெட்ரோல் எரிந்தால் தண்ணீரும் பிறக்கும். ஐந்து நிமிடத்தில் எஞ்ஜின் சூடாகாது, அந்த ஈரம் ஆவியாகிப் போகாமல் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும். ஸ்டார்ட் செய்ய இழுத்த மின்சாரமும் பேட்டரிக்குத் திரும்பியிருக்காது.

உங்கள் வண்டி இரண்டு வருஷம் நகரவில்லை என்றால் இந்த வரிசையில் செய்யுங்கள். நல்ல மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழையுங்கள். டேங்கில் உள்ள பழைய பெட்ரோலை முழுவதும் இறக்கச் சொல்லுங்கள். நம் பெட்ரோலில் இப்போது எத்தனால் இருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும். எஞ்ஜின் ஆயில், ஃபில்டர், பிரேக் ஆயில் மூன்றையும் மாற்றுங்கள். பிரேக் ஆயிலும் ஈரம் குடிக்கும், இரண்டு வருஷம்தான் அதன் கணக்கு. பெல்ட்டையும் ஹோஸ்களையும் கையால் அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். டயரின் நான்கு இலக்கத்தைப் பாருங்கள். ஆறு வயது தாண்டியிருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு மாதம் இரண்டு முறை வண்டியை வெளியே எடுங்கள். அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். கூலன்ட் முள் சீக்கிரம் ஏறிவிடும், ஆயில் சூடாக இன்னும் நேரம் பிடிக்கும். அதுவரை எஞ்ஜினை விரட்ட வேண்டாம். வழியில் ஏ.சி.யையும் பத்து நிமிடம் போடுங்கள். மற்ற நாட்களில் பேட்டரியை, கொஞ்சம் கொஞ்சமாகச் சார்ஜ் ஏற்றும் டிரிக்கிள் சார்ஜரில் போட்டு வையுங்கள், ஆன்லைனில் கிடைக்கிறது. எந்த மாடல், எந்த வருஷம் என்று எழுதினால் பெல்ட் மாற்ற வேண்டிய கெடுவையும் சொல்கிறேன்.